நாற்காலி மட்டும் போதாது

காது கேளாதோர் பள்ளிகளிலும் பார்வையற்றோர் பள்ளிகளிலும் பணியாற்றும் என் அன்புத் தோழர்களே,

வரும் பொதுக்குழுவில் நம் சங்கத்தின் மாநிலத் தலைவர் பொறுப்புக்கு நான் போட்டியிடுகிறேன். பொதுச் செயலாளர் பொறுப்புக்கு என்னோடு நிற்பவர் காது கேளாதோர் பள்ளி ஒன்றின் ஓவிய ஆசிரியர். எனக்குப் பார்வை இல்லை. அவருக்குக் காது கேட்காது. இந்தச் செய்தி பரவியதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "டீச்சர், நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க? அப்புறம் எப்படிச் சங்கத்தை நடத்துவீங்க?" யாரும் குத்தலாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார்கள். அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொல்ல நினைப்பதைத் தன் போனில் தட்டி அனுப்புவார். என் போனில் இருக்கும் திரைவாசிப்பான் அதை என் காதில் வாசிக்கும். நான் வாய்விட்டுப் பேசுவேன். பேசப் பேச அது அவர் போன் திரையில் தமிழ் எழுத்தாக ஓடும். பேருந்து நிலையம் மாதிரி இரைச்சலான இடங்களில் அந்த எழுத்து தாறுமாறாகிவிடும். அப்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டு என் உள்ளங்கையில் விரலால் எழுதுவார். பத்து வயது வரை எனக்குப் பார்வை இருந்தது. அச்செழுத்தின் வடிவங்கள் மறக்கவில்லை. இந்த மடலில் உள்ள ஒவ்வொரு கோரிக்கையையும் இப்படித்தான் இருவரும் பேசி, சில இடங்களில் கடுமையாகச் சண்டையும் போட்டு முடிவு செய்தோம். எங்களுக்குள் பேச்சு தடையில்லாமல் நடக்கிறது. தடை இருப்பது எங்களுக்கும் சங்கத்துக்கும் நடுவில்.

போன பொதுக்குழுவை நினைத்துப் பாருங்கள். காலையில் தொடங்கிய மேடைப் பேச்சு சாப்பாட்டு நேரம் வரை நீண்டது. காது கேளாத ஆசிரியர்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் கிடையாது. சைகை நன்றாகத் தெரிந்த ஆசிரியை ஒருவர் மனசு கேட்காமல் அவர்கள் முன்னால் போய் நின்று நடுநடுவே சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் வருகைப் பதிவேடு வேலைக்கு யாரோ கூப்பிட்டுக்கொண்டார்கள். தீர்மானங்களுக்குக் கைதூக்கச் சொன்னபோது, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து இவர்களும் தூக்கியிருக்கிறார்கள். மாலையில் வெளியே வந்ததும், இப்போது என்னோடு நிற்கும் என் நண்பர் "எதற்கெல்லாம் கைதூக்கினோம்?" என்று கேட்டார். ஓய்வூதியம், பதவி உயர்வு, சந்தா உயர்வு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றவர், என் கையை எடுத்து "சந்தாவுக்குமா?" என்று எழுதினார்.

பார்வையற்ற உறுப்பினர்கள் நிலையும் இதேதான். சங்கச் சுற்றறிக்கையை அச்சடித்து, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். திரைவாசிப்பான் அதைத் தொட்டதும் "படம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். டைப் அடித்த கோப்பைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினால் அது பாமினி எழுத்துருவில் இருக்கும். வாசிப்பானுக்கு அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் வரிசையாகக் கொட்டும். கடைசியில் வீட்டில் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்ல வேண்டும். யுனிகோடில் அடித்து, எழுத்தாகவே அனுப்பினால் போதும். செலவு ஒரு காசு கிடையாது.

நாங்கள் போட்டியிடுவதன் காரணம் இவ்வளவுதான். பிரெயிலும் சைகையும் சொல்லிக்கொடுக்கிறவர்களின் சங்கத்தில் பிரெயிலில் படிக்கிறவருக்கும் சைகையில் பேசுகிறவருக்கும் உட்கார நாற்காலி இருக்கிறது, நடப்பது தெரிய வழியில்லை. இதை முதலில் நம் வீட்டுக்குள் சரிசெய்யாமல் வெளியே போய் உரிமை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இது நாகரிகம் சார்ந்த சின்ன விஷயம், சம்பளம், ஓய்வூதியத்துக்கு முன்னால் இதெல்லாம் பெரிதா என்று சில மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் துறையின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கிவிட்டு, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் வாய்மொழி முறையிலேயே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்காவிலிருந்து போயிருந்த ஜேம்ஸ் டெனிசன். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகிகள். அதாவது நம்மைப் போன்றவர்கள். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று அங்கே யாரும் போகவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன. அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. "கையைக் கீழே போடு, என் வாயைப் பார்" என்று வகுப்பில் சொன்ன காலம் நம் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 130 ஆண்டுகள் கழித்து, 2010 இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அன்று மிலான் அரங்கில் காது கேளாதவர்கள் பாதிப் பேர் இருந்திருந்தால் அப்படியொரு தீர்மானம் வந்தே இருக்காது.

பார்வையற்றோர் கல்வியிலும் இதே கதைதான். லூயி பிரெயிலை நாம் எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் நம் தொழில்காரர். பாரிஸில் தான் படித்த பார்வையற்றோர் பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்து காலமெல்லாம் பாடம் நடத்தியவர். 1829 இல் அவர் வெளியிட்ட புள்ளி முறையை அந்தப் பள்ளி நிர்வாகம் எளிதில் ஏற்கவில்லை. பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கும் எழுத்தையே மேடாக அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள், ஒரு கட்டத்தில் பிரெயிலுக்குத் தடையே போட்டார்கள். மாணவர்கள் மறைத்து மறைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸ் அந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854 இல். அவர் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1988 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே இருக்கும் கல்லாடெட் பல்கலைக்கழகம் 1864 இல் தொடங்கியது. 1988 வரை அதன் தலைவராகக் காது கேளாதவர் ஒருவர்கூட வந்ததில்லை. இந்த முறையும் காது கேட்கும் ஒருவரையே நியமித்தபோது மாணவர்கள் வாயிலை அடைத்துப் பல்கலைக்கழகத்தை நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் நியமனம் மாறி, ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. அங்கிருந்த ஆசிரியர்கள் கூடி, மாணவர்களின் கோரிக்கையை ஆதரித்து வாக்களித்தார்கள். வேலை போகுமே என்று ஒதுங்கி நிற்கவில்லை.

நம் மண்ணிலும் இந்தப் பணிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் ஆன் ஆஸ்க்வித் பார்வையற்ற பிள்ளைகளையும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளி தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள், இந்த ஆசிரியர்களின் சங்கங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் பார்வையுள்ளவர்கள், காது கேட்பவர்கள். அவர்கள் செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. நானே அப்படியொரு பள்ளியில் படித்து, ஆசிரியராகி நிற்பவள். இனி நாங்களும் சேர்ந்து நடத்துகிறோம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இப்போது பொறுப்பில் இருப்பவர்களைக் குறைசொல்லி ஓட்டுக் கேட்க நான் வரவில்லை. அவர்கள் வேலை எளிதல்ல. பள்ளிக் கல்வித் துறையில் இருக்கும் ஆசிரியருக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகள். இடமாறுதலுக்கும் பதவி உயர்வுக்கும் வழி உண்டு. நம் அரசுப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ் இருப்பவை, கையில் எண்ணிவிடலாம். பதவி உயர்வு என்றால் முன்னால் இருப்பவர் ஓய்வு பெற வேண்டும். இந்த நெருக்கடிக்குள் ஒவ்வொரு கோப்பின் பின்னாலும் அலைந்து, சொந்தக் காசில் சென்னைக்கு வந்துபோன தோழர்களை எனக்குத் தெரியும். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியப் பிரச்சினையையும், காலிப் பணியிடங்களையும் நாங்கள் ஒருநாளும் கைவிட மாட்டோம். அந்தக் கோரிக்கைகள் அப்படியே தொடரும். அவற்றோடு நம் வகுப்பறையைச் சங்கத்துக்குள் கொண்டுவர விரும்புகிறோம்.

காது கேளாதோர் பள்ளித் தோழர்களிடம் ஒன்றை மனம்விட்டுப் பேச வேண்டும். என் நண்பர் ஓவிய ஆசிரியர். வாரத்தில் அவருக்கு ஒதுக்கிய பாடவேளைகள் குறைவு. ஆனால் அவர் பள்ளியில் அவரைப்போல வேலை செய்கிறவர் யாரும் இல்லை. ஒருநாள் ராத்திரி விடுதியில் சின்னப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம், வாந்தி வந்ததா, வெளியில் என்ன தின்றான், எதையும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விடுதியில் இருந்தவர்களால் முடியவில்லை. வீடியோ காலில் இவரைப் பிடித்தார்கள். இவர் சைகையில் கேட்க, பையன் படுத்தபடியே வலது பக்க அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, நேற்று மதியத்திலிருந்து என்று சொல்லியிருக்கிறான். நேற்று மதியத்திலிருந்து! ஒன்றரை நாள் அந்த வலியோடு அவன் வகுப்பிலும் சாப்பாட்டு வரிசையிலும் நின்றிருக்கிறான். குடல்வால் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நல்லபடியாகப் பிழைத்தான்.

இதற்கு அங்கிருந்த ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பயிற்சிக் காலத்தில் பலருக்குச் சைகையை முறையாகச் சொல்லித்தரவில்லை. பிள்ளைகளிடமிருந்தே பொறுக்கிக்கொண்ட சைகையை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 17 ஆவது பிரிவில், சைகை மொழியிலும் பிரெயிலிலும் தகுதி பெற்ற ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்து, பயிற்சி கொடுத்து நியமிக்க வேண்டும் என்கிறது. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015 இல் வந்துவிட்டது. அதன் அகராதியில் 2021 இலேயே 10,000 சொற்கள் ஏறிவிட்டன. சைகை மொழி கற்பிக்கக் காது கேளாதவர்களுக்கென்றே டிப்ளமா படிப்பு இருக்கிறது. படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் நம் மாநிலத்திலும் இருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொரு காது கேளாதோர் பள்ளியிலும் சைகை ஆசிரியராக நியமிக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரட்டும், நமக்கும் சொல்லித்தரட்டும். நமக்கான பயிற்சி வேலை நேரத்தில், பணியாகக் கணக்கிடப்பட்டு நடக்க வேண்டும். கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் போய்க் கற்றுக்கொள் என்றால் நான் எதிர்ப்பேன். தேர்வு வைத்து வேலை போகும் என்று மிரட்டினாலும் எதிர்ப்பேன்.

அதே சமயம் இன்னொன்றும் சொல்கிறேன், இதனால் சில ஓட்டுகள் போனாலும் போகட்டும். பயிற்சி கிடைத்த பிறகும், ஆண்டுகள் பல ஓடிய பிறகும், தன் வகுப்புப் பிள்ளையிடம் சைகையில் நாலு கேள்வி கேட்கத் தெரியாமல் இருப்பவருக்காகச் சங்கத்தின் பெயரில் நான் மனு எழுத மாட்டேன்.

அகராதிச் சைகை பற்றி நண்பருக்கும் எனக்கும் நடந்த சண்டையை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் நான் அதில் தோற்றேன். நாடு முழுக்க ஒரே சைகை வந்தால் பாடப்புத்தகம் செய்வது எளிது என்று நான் வாதிட்டேன். நம் விடுதிகளில் அண்ணன்மார்களிடமிருந்து தம்பிமார்களுக்கு வந்த சைகை இருக்கிறது, ஊர்ப் பெயர்களும் பண்டிகைகளும் பலகாரங்களும் அதில்தான் இருக்கின்றன, அதை அழித்துவிட்டு டெல்லிச் சைகையைத் திணித்தால் மறுபடியும் மிலான்தான் என்றார் அவர். அவர் சொன்னதே எங்கள் கோரிக்கையில் இடம்பெறுகிறது. இரண்டையும் கற்பிக்க வேண்டும், விடுதிச் சைகைகளை நம் சங்கமே வீடியோவில் பதிவு செய்து வைக்க வேண்டும்.

விடுதி என்றதும் இன்னொரு விஷயம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாய் தகப்பனை விட்டு வந்து தங்கிப் படிப்பவர்கள். அவர்களுக்கு ஏதாவது கொடுமை நடந்தால் வெளியே சொல்வது மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்குக் கடினம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பு ஆசிரியரின், அல்லது அந்தக் குழந்தையின் பேச்சுமுறை தெரிந்தவரின் உதவியைப் பெற இடம் தருகிறது. இந்த வேலைக்கு நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள், இனியும் கூப்பிடுவார்கள். குழந்தை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல நமக்குப் பயிற்சி வேண்டும். சாட்சி சொல்லப் போகிறவருக்கு வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் சங்கத்தின் துணை வேண்டும். இரண்டையும் நாங்கள் செய்வோம். குழந்தையின் புகாருக்கு ஆளானவர் நம் உறுப்பினரே ஆனாலும், விசாரணை முடியும்வரை சங்கம் அவருக்காக எந்த அதிகாரியையும் போய்ப் பார்க்காது. இதைத் துணைவிதியிலேயே எழுதிவைக்கக் கேட்பேன்.

பார்வையற்றோர் பள்ளித் தோழர்களே, நம் பக்கத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு முடித்ததும் நம் பிள்ளைகளில் கணக்கையும் அறிவியலையும் தொடர்கிறவர்கள் எத்தனை பேர்? அநேகமாக எல்லோரையும் வரலாறு, பொருளியல் பக்கம் திருப்பிவிடுகிறோம். நான் சமூக அறிவியல் ஆசிரியை. என் பாடத்தை நேசிக்கிறவள். ஆனாலும் வேறு வழியில்லாமல் என் வகுப்புக்கு வரும் பிள்ளையைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டெய்லர் சட்டகம் என்ற கணக்குப் பலகையில் கணக்குப் போடும் வகுப்புக்குள் போய் நின்றிருக்கிறீர்களா? எட்டு மூலை நட்சத்திரக் குழிகளில் சின்ன உலோக அச்சுகளைச் செருகும் சத்தம் அறை முழுக்க டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். அச்சை எந்தத் திசையில் செருகுகிறோம், எந்த முனை மேலே இருக்கிறது என்பதை வைத்து எண் மாறும். ஒரு பிள்ளை நீளமான வகுத்தலைப் போட்டு முடித்து, விரலால் வருடிச் சரிபார்க்கும்போது கை தட்டி அச்சு இரண்டு தெறித்து மேசைக்கடியில் ஓடிவிடும். தரையெல்லாம் தடவித் தேடுவோம். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கடன் வாங்குவோம். பல பள்ளிகளில் அச்சுகள் குறைந்து குறைந்து, முழுத் தொகுப்பு என்று ஒன்று கையில் இல்லை. ஆபிரகாம் நெமெத் என்ற பார்வையற்ற கணிதப் பேராசிரியர் கணிதத்துக்கென்றே உருவாக்கிய பிரெயில் குறியீடு 1952 இல் வெளியாகிவிட்டது. அதை முழுமையாகக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சங்கமே ஏற்பாடு செய்யலாம், யாருடைய உத்தரவும் தேவையில்லை.

பிரெயில் பாடநூல்கள் பள்ளி திறக்கும் நாளில் பிள்ளை கையில் இருக்க வேண்டும் என்பது பழைய கோரிக்கைதான். அச்சில் ஒரே புத்தகம், பிரெயிலில் பல தொகுதிகளாகி மூட்டையாகிவிடும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் இன்றைக்கு ஒரு வழி இருக்கிறது. பாடநூலின் யுனிகோடு கோப்பு அச்சுக்குப் போகும்போதே நமக்கும் கிடைத்தால், பிரெயில் அச்சு வரும்வரை பேசும் புத்தகமாகவாவது கொடுத்துவிடலாம். அந்தக் கோப்பை முறைப்படி கேட்டு வாங்குவது தலைவராக நான் எழுதும் முதல் கடிதமாக இருக்கும்.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகம் தரும் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறவர்களும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஊர் ஊராகப் போகும் சிறப்புப் பயிற்றுநர்களும் இன்று நம் உறுப்பினர்கள் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நம் பள்ளிகளை மூடிவிடுவார்கள், அதற்கு இந்தப் பயிற்றுநர்கள்தான் முன்னோடி என்று நம்மில் ஒரு பயம் ஓடுகிறது. எனக்கு அந்தப் பயம் இல்லை. பொதுப் பள்ளியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைக்கு வாரம் ஒருநாள் மட்டும் வந்துபோகும் பயிற்றுநர் ஒருவர் போதாது என்று அவர்களே சொல்கிறார்கள். சிறப்பு ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்க வேண்டும் என்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 இல் ஒன்றிய அரசு தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் அறிவித்தது. இது அவர்கள் போராடிப் பெற்ற விகிதம். அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு நாம் மட்டும் பலம் பெற முடியாது. உறுப்பினர் தகுதி விதியைத் திருத்தி இரு சாராரையும் சேர்க்க வேண்டும். தொகுப்பூதியக்காரருக்குச் சந்தா பாதி போதும்.

இனி இந்தத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். சட்டமன்றத் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் வரிசை எண் பிரெயிலில் இருக்கிறது. நான் தனியாகப் போய், யாரிடமும் சொல்லாமல், என் விரலால் தடவிப் பார்த்து ஓட்டுப் போடுகிறேன். நம் சங்கத் தேர்தலில் வாக்குச்சீட்டை ஒருவரிடம் கொடுத்து, யாருக்குப் போட வேண்டும் என்று அவர் காதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நல்லவர்தான். ஆனால் என் ஓட்டு ரகசியமாக இல்லை. இதற்குத் தீர்வு ஓர் அட்டை. வாக்குச்சீட்டு உள்ளே நுழையும் அளவுக்குக் கெட்டி அட்டையை மடித்து, வேட்பாளர் கட்டங்களுக்கு நேராகச் சன்னல் வெட்டி, ஒவ்வொரு சன்னலுக்கும் பக்கத்தில் பிரெயில் எண்ணைக் குத்திவிட்டால் முடிந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பிரெயில் சிலேட்டும் ஊசியும் வைத்து என் மாணவிகள் மதிய இடைவேளையில் செய்துகொடுத்துவிட்டார்கள். தேர்தல் நடத்தும் தோழரிடம் அதை ஒப்படைத்து, எல்லா வாக்குச்சாவடிக்கும் தேவையான அளவு செய்து தருகிறோம் என்று எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். யார் ஜெயித்தாலும் இந்த அட்டை மேசையில் இருக்க வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். பொதுக்குழு, செயற்குழு இரண்டுக்கும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். ஒருவரே நாள் முழுக்கச் செய்ய முடியாது, இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும். சால்வை, மேடை அலங்காரம், நினைவுப் பரிசு, வரவேற்புப் பதாகை ஆகிய செலவுகளை நிறுத்திவிட்டால் அதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். மீதியை ஆண்டு வரவு செலவில் தனித் தலைப்பாகவே ஒதுக்குவோம். மேடையில் எங்களுக்குச் சால்வை வேண்டாம். நண்பர் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றறிக்கையும் எழுத்தில் வரும் அதே நாளில் அதன் சாரம் சைகை வீடியோவாகவும் வர வேண்டும், அதைச் செய்யும் பொறுப்பு அவருடையது.

எங்களை எதிர்த்து நிற்பவர்கள் நல்ல ஆசிரியர்கள். அவர்களிடமும் இந்த மடலைக் காட்டி, இதில் எதற்கெல்லாம் சம்மதம் என்று கேளுங்கள். வாக்கெடுப்புக்கு முன் இரு தரப்பும் ஒரே மேடையில், சைகை மொழிபெயர்ப்போடு, உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாங்கள் தயார். இடமும் நாளும் அவர்களே சொல்லட்டும்.

அதற்கு முன்பே கேட்க நினைப்பவர்கள் எழுதிக் கேட்கலாம், போனில் கேட்கலாம், சைகையில் பேசி வீடியோவாகவும் அனுப்பலாம். சைகையில் வருவதற்கு என் நண்பர் சைகையிலேயே பதில் சொல்வார். பிரெயிலில் எழுதுகிறவர்கள் உறையை ஒட்டாமல், பார்வையற்றோருக்கான எழுத்து என்று மேலே குறித்துத் தபாலில் போடுங்கள். நம் நாட்டில் அதற்கு அஞ்சல் தலை ஒட்ட வேண்டியதில்லை. எனக்கு வரும் பிரெயில் கடிதங்களுக்கு நானே பிரெயிலில் பதில் எழுதுவேன்.

தோழமையுடன்,
மாநிலத் தலைவர் பொறுப்புக்குப் போட்டியிடும்
பார்வையற்றோர் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியை